உதவி வெப்பமானி இரண்டு

கணினி நலக் கண்காணிப்பு வாரியத்துக்குத் தரைத்தளம் போக நான்கு மாடி, நூற்றுப் பத்துப் பேர், மூன்று கணினிகள். மூன்றும் தரைத்தளத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் இருக்கின்றன. அவை என்ன வேலை செய்கின்றன என்று யாராவது வெளியாள் கேட்டுவிட்டால் வரவேற்பறையில் இருப்பவர் சற்று நெளிவார். அவை தங்கள் சூட்டைத் தாங்களே அளந்துகொள்கின்றன. அந்த அளவை முதல் மாடி குறித்துக்கொள்கிறது, இரண்டாம் மாடி சரிபார்க்கிறது, மூன்றாம் மாடி கோப்பில் சேர்க்கிறது. நான்காம் மாடியில் தலைமை அளவாளர் இருக்கிறார். வேறு வேலை எதுவும் அந்தக் கணினிகளிடம் ஒப்படைக்கப்படவில்லை. ஒப்படைத்தால் சூடு ஏறிவிடும் என்ற பயம்தான் காரணம்.

திருப்புளி அக்கா அந்த வாரியத்து ஆள் இல்லை. இரண்டு தெரு தள்ளிக் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். காதுக்குப் பின்னால் மற்றவர்கள் பேனா செருகுவதுபோல ஒரு சின்னத் திருப்புளியைச் செருகியிருப்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். வாரியத்தோடு அவளுக்கு ஆண்டு ஒப்பந்தம். அந்தச் செல்வாக்கில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் ஒரே தம்பியை அங்கே தற்காலிகப் பதிவாளனாகச் சேர்த்துவிட்டாள். அன்று அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

திங்கட்கிழமை மதியம் அவள்தான் வந்து கண்காணிப்பு மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றிவிட்டுப் போனாள். வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, பிஸியா? ஒரு சின்ன சந்தேகம். நூத்தி இருபத்தேழு டிகிரின்னா ஜாஸ்தி இல்ல?"

"எதுக்குடா?"

"நம்ம மிஷின் ரூமுக்கு. திங்கக்கிழமை மூணு மணியிலிருந்து அப்படித்தான் காட்டுது."

"நீ இப்ப எங்க இருக்க?"

"அந்த ரூமுக்குள்ளதான். சட்டை பத்தல, குளிருது."

அக்கா கடையைப் பூட்டக்கூட இல்லை. ஓடினாள்.

கண்ணாடி அறைக்கு வெளியே சுவரில் ஒரு பெரிய திரை. அதில் பதினான்கு வரிகள். பதின்மூன்று வரிகள் முப்பத்தாறு, முப்பத்தேழு என்று பச்சையாக இருந்தன. பதினான்காவது வரி சிவப்பில் விட்டுவிட்டு எரிந்தது: உதவி வெப்பமானி இரண்டு, 127. பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கணினிக்குள் இருக்கும் பலகையில், வேண்டுமென்றால் இன்னொரு வெப்பமானியைச் செருகிக்கொள்ளட்டும் என்று இரண்டு ஊசிமுனைகளை விட்டிருப்பார்கள். அங்கே யாரும் எதையும் செருகியதில்லை. வெறும் முனையைப் படிக்கப் போனால் மென்பொருளுக்குக் கிடைப்பது அதன் உச்ச எண்தான். பழைய பதிப்பு அந்த வரியை மறைத்து வைத்திருந்தது, புதிய பதிப்பு காட்டுகிறது. அந்த வரிக்கு எதிரே இருக்கும் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் போதும், வாரியம் தன் கடவுச்சொல்லைப் போட்டால் அரை நிமிஷ வேலை.

அவள் சிரித்திருப்பாள். ஆனால் அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி ஓடிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வாயு திறக்க: 4 மணி 58 நிமிடம்.

எந்த வெப்பமானியாவது நூறு டிகிரிக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து காட்டினால் அறைக்குள் வாயு திறந்துகொள்ளும். காற்றை வெளியே தள்ளித் தீயை மூச்சுத்திணற அடிப்பது அதன் வேலை. உள்ளே இருப்பது தீயா ஆளா என்று அது பார்க்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மேஜைமுன் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையசைத்தான்.

சுவரில் இருந்த பேசுகுழாயை எடுத்தாள். "வெளிய வாடா முதல்ல."

"முடியாதுக்கா. விதி நாப்பத்தொண்ணு. நூறு டிகிரிக்கு மேல போனா ஒரு ஆள் உள்ளயே உட்கார்ந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அளவை எழுதணும். மூணு நாள் விடாம எழுதினா பர்மனென்ட்டுக்குப் பரிந்துரை பண்ணுவாங்க. இன்னும் அஞ்சு மணி நேரம்தான்."

"அஞ்சு மணி நேரத்துல வாயு திறக்கும்டா!"

"அதுக்குள்ள சரி பண்ணிடுவாங்கக்கா. நாலு மாடி ஆள் இருக்காங்க." அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதினான். நூற்று இருபத்தேழு.

அக்கா படியேறினாள்.

இரண்டாம் மாடியில் சரிபார்ப்பு அலுவலர் நல்ல மனுஷி. நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அக்கா சொன்னது அத்தனையையும் தலையாட்டிக் கேட்டார்.

"புரியுதும்மா. அந்த வெப்பமானிய நீக்கணும். அவ்வளவுதானே? படிவம் ஒன்பது. அதோட வரிசை எண்ணை மட்டும் சொல்லுங்க."

"மேடம், அப்படி ஒரு வெப்பமானியே இல்ல. இல்லாததுக்கு எப்படி வரிசை எண் இருக்கும்?"

"இல்லாததை எப்படிம்மா நீக்குறது?"

"திரையிலேர்ந்துதான் நீக்கணும்."

"திரையில இருக்குன்னா இருக்குன்னுதானே அர்த்தம்? திங்கக்கிழமையே நாங்க பொருள் பதிவேட்டுல ஏத்திட்டோம்." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். உதவி வெப்பமானி 2, எண்ணிக்கை ஒன்று, நிலை: மிகச் சூடு. "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுங்க. கடைசியா அந்தக் கணினியைத் தொட்டது நீங்கதான். திருட்டுப் புகார் போட்டு, விசாரணை முடிஞ்சதும் நீக்கிடலாம். நாப்பது நாள்ல முடிஞ்சிடும்."

"மேடம், மூணு மணிக்கு என் தம்பி செத்துடுவான்."

அலுவலர் உண்மையாகவே வருந்தினார். "அது தீயணைப்புப் பிரிவும்மா. அவங்க நாலாவது மாடியோட அதிகாரத்துல வர்றாங்க" என்றார்.

அக்கா படிக்கட்டில் நின்றே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். எங்கே தீ என்று கேட்டார்கள். தீ இல்லை, தீயணைப்பைத்தான் அணைக்க வேண்டும் என்றாள். எதிர்முனை வைத்துவிட்டது.

நான்காம் மாடியில் பதினொன்றரைக்கு அவசரக் கூட்டம். அந்தப் பதினான்காவது வரியைப் பற்றித்தான். அக்காவுக்குப் பேச இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். அவள் வெள்ளைப் பலகையில் இரண்டு ஊசிமுனைகளை வரைந்து, இதில் ஒன்றுமே செருகவில்லை, அறைக்குள் இருபத்திரண்டு டிகிரிதான், என் தம்பி குளிரில் நடுங்குகிறான், யாராவது வந்து கையை வைத்துப் பாருங்கள் என்றாள்.

தலைமை அளவாளர் கனிவாகச் சிரித்தார். "கை அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லம்மா."

பிறகு எழுந்து நின்று பேசினார். எழுந்து நின்றால் அது உரை. மூன்றாம் மாடிக்காரர் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்.

"நண்பர்களே! முப்பது ஆண்டுகளாக இந்த வாரியம் ஒரு முறைகூடத் தவறாக அளந்ததில்லை. எப்படிச் சொல்கிறேன்? நாம் அளந்ததை இதுவரை எவரும் இரண்டாம் முறை அளந்து பார்த்ததில்லை. அந்த நம்பிக்கைதான் நம் அஸ்திவாரம். இன்று ஓர் அளவு நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் திரையிலிருந்து எடுத்துவிட்டால், நாளை இன்னோர் அளவு, மறுநாள் இன்னோர் அளவு. கடைசியில் அறையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் திரை காட்டும் என்ற இழிநிலை வந்துவிடும். அப்புறம் நாம் எதற்கு? கண்ணாடி வழியாக எவர் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமே!"

கை தட்டினார்கள். இவர்கள் கெட்டவர்களாக இருந்தால் காலில் விழலாம், சண்டை போடலாம். இவர்கள் ஒவ்வொருவரும் அவளை ஆறுதலாகப் பார்த்தார்கள். அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது.

"வாயுவையாவது நிறுத்துங்க சார். உள்ள ஆள் இருக்கான்."

"ஆளா?" தலைமை அளவாளர் தன் மேஜைத் திரையை அருகில் இழுத்தார். பதினான்கு வரிகளையும் விரல் வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார், கீழிருந்து மேலே ஒருமுறை படித்தார். நேர்மையான மனிதர், ஒன்றையும் விடவில்லை. "இதுல ஆள் எதுவும் இல்லையேம்மா."

"ஆளைக் காட்டுறதுக்கு அதுல வரியே இல்ல சார்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"நீங்கதானே விதி நாப்பத்தொண்ணுன்னு உட்கார வெச்சீங்க?"

"உட்கார வெச்சது நிர்வாகம். இருக்கானா இல்லையான்னு சொல்ல வேண்டியது திரை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது." அவர் மணியைப் பார்த்தார். "பன்னெண்டரை. சாப்பாட்டுக்கு அப்புறம் கூடுவோம்."

சாப்பாடு முடிந்து அவர்கள் கூடியபோது மணி இரண்டு ஐந்து. வாயு திறந்தபின் அறையை யார் கூட்டிப் பெருக்குவது என்பதில் முதல் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் தகராறு வந்தது. அக்கா வாசலிலேயே நின்று கேட்டாள். கூட்டிப் பெருக்குவது என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் தன் பழுதுபார்க்கும் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். இனி இங்கே நின்று பயனில்லை என்று கீழே பாய்ந்தாள்.

இரண்டு நாற்பத்தாறு. பேசுகுழாயில் கத்தினாள். "டேய், கும்பிட்டுக் கேக்கிறேன், கதவைத் திற. பர்மனென்ட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். என் கடையில உட்காரு. உனக்கு நான் சோறு போடுறேன்."

தம்பியின் முகத்தில் முதல்முறையாகச் சந்தேகம் தெரிந்தது. "இன்னுமா சரி பண்ணல?"

"எவனும் பண்ண மாட்டான்டா!"

அவன் எழுந்தான். எழுந்தவன் இன்னொரு தடவை உட்கார்ந்து இரண்டு நாற்பத்தைந்துக்கான அளவை எழுதினான். பிறகுதான் கதவுக்கு வந்தான். பிடியைத் திருகினான். பிடி அசையவில்லை. வாயு வெளியே கசிந்து யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று கால்மணி நேரம் முன்னதாகவே கதவு தானே இறுகிக்கொண்டிருந்தது.

அவன் கதவைத் தோளால் இடித்தான். சத்தமே வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் 'அக்கா, அக்கா' என்று அசைவது மட்டும் தெரிந்தது. அவள் ஒரு நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். நாற்காலிதான் உடைந்தது. மின்சாரத்தை நிறுத்தலாம் என்றால் அளவு நின்றுபோனாலும் வாயு திறக்கும் என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை அந்தப் பதிப்பை ஏற்றியது தன் கைதானே என்ற நினைப்பு ஆளைக் கொன்றது.

கதவின் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு துவாரம் இருந்தது. மணிக்கு ஒருமுறை பதிவுத்தாள் வெளியே வரும் வழி. எல்லாவற்றையும் இறுக்கி மூடிய வாரியம் அதை மட்டும் மூடவில்லை. தாள் வந்தாக வேண்டுமே. அக்கா பையைத் தரையில் கொட்டித் துழாவினாள். பழைய கணினியிலிருந்து கழற்றிய ஒரு வெப்பமானி அகப்பட்டது. நுனியில் கடுகளவு மணி, பின்னால் ஒரு முழ நீளத்துக்கு இரட்டைக் கம்பி. துவாரத்தின் வழியே உள்ளே தள்ளிவிட்டுப் பேசுகுழாயை எடுத்தாள்.

"முதல் மிஷின். பக்கத்து மூடியைக் கழட்டு. பலகையோட கீழ் ஓரத்துல ரெண்டு ஊசி தனியா நிக்கும். அதுல செருகு."

"எனக்குக் கை ஆடுதுக்கா."

"ஆடட்டும். செருகு."

திரையில் 4 நிமிடம் என்று இருந்தது. அவன் முழங்காலிட்டு மூடியைக் கழற்றினான். ஒருமுறை தவறியது. மறுமுறை தவறியது. மூன்றாவது முறை பதினான்காவது வரி துள்ளியது. 127 போய் 22 வந்தது.

அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதுவும் ஒரு நொடிதான். புதிதாக ஒரு சிவப்பு வரி முளைத்தது. சந்தேகத்துக்குரிய வீழ்ச்சி, உகந்த வரம்பு 35 முதல் 38, காலக்கெடு பாதியாகக் குறைக்கப்பட்டது. அந்த வரம்பு தலைமை அளவாளர் போட்டது. ஒழுக்கமான நிறுவனத்தில் இயந்திரத்தின் சூடு ஆரோக்கியமான மனிதனின் சூடு மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு ஆண்டு விழாவில் பேசிவிட்டு அதையே உத்தரவாகவும் போட்டிருந்தார்.

1 நிமிடம் 10 நொடி.

"டேய்! அக்குள்ல வை!"

"என்னது?"

"அந்த மணிய உன் அக்குள்ல வெச்சு இறுக்கிக்கோ! கையை எடுக்காதே!"

தம்பி சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு கம்பியின் நுனியை இடது அக்குளுக்குள் வைத்துக் கையை ஒட்டிக்கொண்டான். கம்பி நீளம் பத்தாமல் கணினியோடு கணினியாகச் சாய்ந்து குந்தினான். இருபத்தாறு. முப்பத்தொன்று. முப்பத்து மூன்று. அக்கா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு நொடி. முப்பத்து நான்கு புள்ளி ஏழு. ஏழு நொடி. முப்பத்தைந்து புள்ளி ஒன்று.

வரி பச்சையானது. கதவு உஸ்ஸென்று இளகியது. அக்கா தரையில் அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

நான்கு மாடியும் இறங்கி வந்தது. தலைமை அளவாளர் திரையைப் பார்த்தார், பூரித்துப்போனார். "பாத்தீங்களா? பொறுமையா இருந்தா அளவு தானா சரியாகும்னு சொன்னேன். முப்பத்தாறு புள்ளி அஞ்சு! என் ஆயுசுல இப்படி ஒரு நிதானமான அளவைப் பாத்ததில்ல."

"சார், அது நான்" என்றான் தம்பி, குந்தியபடியே.

"நீதானா!" அவர் குனிந்து அவனை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். "வாழ்த்துகள்."

சரிபார்ப்பு அலுவலர் பதிவேட்டைத் திறந்து இருப்பிடம் என்ற கட்டத்தில் 'இடது அக்குள்' என்று எழுதினார். வரிசை எண் அச்சிட்ட ஒட்டுத்தாளைத் தம்பியின் தோளில் ஒட்டித் தடவிக்கொடுத்தார். இனி அந்தக் கம்பியை எடுத்து முப்பத்தாறு டிகிரி இருக்கும் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று அக்கா கெஞ்சினாள். இடமாற்றப் படிவம் ஆறு வாரம் என்றார் அலுவலர். நானே மாற்றிவிடுகிறேன் என்று கை நீட்டியவளைத் தலைமை அளவாளர் தடுத்தார். இரண்டாம் முறை வரம்பு மீறினால் காலக்கெடு எதுவும் கிடையாது, கதவு அடைபட்ட அதே நொடியில் வாயு திறக்கும் என்று பெருமையாகச் சொன்னார். கையெடுத்து மறுபடி வைப்பதற்குள் ஒரு நொடியாவது ஆகுமே என்று அக்காவே கணக்குப் போட்டுப் பார்த்தாள். நீட்டிய கை தானாக இறங்கியது.

மாலையில் உத்தரவு வந்தது. தம்பி அதை ஒரு கையால் பிடித்துப் படித்தான். மற்றக் கை ஒட்டியே இருந்தது.

"அக்கா, நிரந்தரம்னு போட்டிருக்காங்க பாரேன்!"

நிரந்தர உபகரணம் என்று போட்டிருந்தது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது வார்த்தையை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்தாள். தம்பி மனைவி கைக்குழந்தையோடு வந்து நின்று, "என்ன அண்ணி இது, எப்பதான் வீட்டுக்கு வருவாரு?" என்று கேட்டபோது ஆறு வாரம் என்று சொல்லத்தான் அவளுக்கு முடிந்தது. அவன் குந்தியபடி தூங்கினான். குளிர்சாதனம் இருபத்திரண்டில் ஓடிக்கொண்டே இருந்தது. போர்வை போர்த்த அனுமதி இல்லை. போர்த்தினால் ஒட்டுத்தாள் மறைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்தபோது அவன் தும்மிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. பதினான்காவது வரியைப் பார்த்தாள். முப்பத்தேழு புள்ளி நான்கு. பத்து நிமிஷம் கழித்துப் புள்ளி ஐந்து. வரம்பு முப்பத்தெட்டுதான்.

விடுமுறை நாளிலும் சரிபார்ப்பு அலுவலர் வந்திருந்தார், பொறுப்பான மனுஷி. அக்கா மூச்சிரைக்க இரண்டாம் மாடிக்கு ஓடி, காய்ச்சல் மாத்திரை ஒன்று, ஒரே ஒன்று கொடுத்துக்கொள்கிறேன் என்றாள். அலுவலர் பீரோவில் இருந்த படிவங்கள் அத்தனையையும் எடுத்துப் பார்த்தார். எண்ணெய் போட ஒரு படிவம் இருந்தது, தூசி தட்ட ஒன்று இருந்தது. "உபகரணத்துக்கு மாத்திரை குடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. "அனுமதி இல்லாம குடுத்தா அது அளவைத் திருத்துறதாயிடும். உடனே வெளிய எடுத்துருவாங்க. எடுத்தா…" மேலே அவர் சொல்லவில்லை.

அக்கா மாத்திரையைக் கைக்குள் மூடிக்கொண்டு கீழே ஓடினாள். கேட்க வந்ததே தப்பு. வாயில் போட்டுவிட வேண்டியதுதான், எவன் பார்க்கப் போகிறான். கதவைத் தள்ளி உள்ளே போய் அவன் முன்னால் மண்டியிட்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. மாத்திரையை அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பதிவேட்டை மடியில் இழுத்தான்.

"இருக்கா. அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு." பல் கிட்டிக்க, எழுத்து கோணிக்கொண்டு போக, அவன் எழுதினான். முப்பத்தேழு புள்ளி ஒன்பது.

அவள் பின்னால் கதவு இறுகும் சத்தம் கேட்டது.